போர்க்களைப்பா, போர்ச்சலிப்பா?

2023 நவம்பரில் ஓர் இரவு. வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் என் முன்னால் இரண்டு செய்திகள் கிடந்தன. முதலாவது வாஷிங்டனிலிருந்து வந்தது. உக்ரைனுக்கான புதிய நிதி அமெரிக்கக் காங்கிரஸில் முடங்கிவிட்டது, வாக்காளர்களிடம் 'வார் ஃபட்டீக்' தெரிகிறது என்றது. இரண்டாவது உக்ரைன் தலைநகர் கீவிலிருந்து வந்தது. போர் தொடங்கிய நாளிலிருந்து களத்தில் நிற்கும் கணவர்களுக்கு மாற்று ஆள் அனுப்புங்கள் என்று படைவீரர்களின் மனைவியர் பதாகையோடு தெருவுக்கு வந்திருந்தார்கள். அங்கேயும் 'வார் ஃபட்டீக்'. இரண்டுக்கும் 'போர்ச்சோர்வு' என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் தாளைப் பிரித்தால் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக, அதே சொல். கணவன் எப்போது திரும்புவான் என்று தெரியாத பெண்ணுக்கும், ஒஹையோவில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சேனலை மாற்றுகிறவருக்கும் ஒரே நோய் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அந்தத் தவறு உறுத்தியதால்தான் இந்தச் சொல்லின் பின்னால் போனேன்.

'ஃபட்டீக்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீன்: 'ஃபட்டிகாரே', ஓயும்வரை வேலை வாங்குதல். படைமுகாமில் அதற்குத் திட்டமான ஒரு பொருள் உண்டு. பள்ளம் தோண்டுவது, மூட்டை சுமப்பது, சமையற்கூடம் கழுவுவது என்று சண்டை அல்லாத வேலைகள் எல்லாம் 'ஃபட்டீக்'. அந்த வேலைக்கு உடுத்தும் முரட்டு உடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறியாளர்கள் இதை இரும்புக்கு எடுத்துப் போனார்கள். 1842 மே மாதத்தில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சை முறித்தது ஒரு பெரிய பாரம் அல்ல, ஓயாமல் திரும்பத் திரும்ப விழுந்த சிறு சிறு பாரங்கள் என்பது பின்னால் புரிந்தது. ஆக, இதுவரை இந்தச் சொல்லுக்கு உரியவர் சுமக்கிறவர்தான். மனிதராக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த உரிமை கை மாறத் தொடங்கியது. இரக்கம் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனவர்களுக்கு ஒரு 'ஃபட்டீக்', நன்கொடை கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்களுக்கு ஒன்று, கொரோனாக் கட்டுப்பாடுகளால் அலுத்துப்போனவர்களுக்கு 2020இல் ஒன்று. சுமக்கிறவரின் சொல் பார்த்துக்கொண்டிருப்பவரின் சொல்லும் ஆனது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

போரோடு சேர்ந்த பழைய வழக்கில் இந்தக் குழப்பம் இல்லை. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகத்தில் போரில் களைத்த கைகால்கள் வருகின்றன. அவை சூழப்பட்ட நிலையில் இரத்த வேர்வை சிந்தப் போராடும் டால்பட் என்ற தளபதியுடையவை. ஜெர்மனில் 'கிரீக்ஸ்மூட' என்ற சொல் முதல் உலகப் போரின்போது எங்கும் ஒலித்தது. 'போரில் களைத்த' என்பதுதான் நேர்ப்பொருள். வியன்னாவில் பத்திரிகை நடத்திய கார்ல் கிராவ்ஸ் 1918இல் அந்தச் சொல்லின்மேல் பாய்ந்தார். காலம் பெற்ற சொற்களிலேயே மடத்தனமானது இது என்றார். போரைத் தொடங்கிய பிறகு களைத்துப் பயனில்லை, தொடங்குவதற்கு முன்பே களைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நூறாண்டு கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி உக்ரைன். 'உக்ரைன் ஃபட்டீக்' என்ற தொடர் 2022இல் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வயது அதிகம். தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்த 2004இன் ஆரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த அதிபர் யுஷ்சென்கோவும் பிரதமர் திமோஷென்கோவும் ஒருவரோடொருவர் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் அதிகாரிகள் இந்தத் தொடரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'இவர்களோடு மாரடித்து அலுத்துவிட்டது' என்பதுதான் அன்றைய பொருள். போரோடு அதற்குத் தொடர்பே இல்லை.

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யப் படை எல்லை தாண்டியது. நான்கே மாதத்தில், ஜூனில், கீவ் சென்று திரும்பிய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், உலகெங்கும் 'உக்ரைன் ஃபட்டீக்' எட்டிப் பார்க்கிறது என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு இத்தாலியப் பிரதமர் மெலோனியை ஆப்பிரிக்கத் தலைவர் பேசுவதாக நம்பவைத்து ரஷ்யக் குறும்பர்கள் இருவர் தொலைபேசியில் ஏமாற்றினார்கள். எல்லாத் தரப்பிலும் மிகுந்த களைப்பு தெரிகிறது என்று அவர் மனம் திறந்து சொன்னது ஒலிப்பதிவாக வெளியே வந்தது. 2023 அக்டோபர் தொடக்கத்தில் கிரெம்ளின் பேச்சாளர் பெஸ்கோவ் இதையே ஒரு கணிப்பாகச் சொன்னார்: இந்த மோதலால் வரும் களைப்பு பல நாடுகளில் வளரும், அமெரிக்காவிலும் வளரும் என்று. ஆதரிக்கிறவர் அச்சத்தோடு சொல்கிறார், எதிரி ஆவலோடு சொல்கிறார். சொல் ஒன்றுதான். இப்படி இரு பக்கமும் புழங்கும் ஒரு சொல்லை மொழிபெயர்க்கிறவர் யோசிக்காமல் கையில் எடுக்கக் கூடாது.

கருத்துக்கணிப்புகளைப் பார்ப்போம். 'உங்களுக்குக் களைப்பாக இருக்கிறதா?' என்று இவற்றில் கேட்கப்படவில்லை. பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டது வேறு: உக்ரைனுக்கு அமெரிக்கா தரும் ஆதரவு மிக அதிகமா, போதுமானதா, போதாதா? 'மிக அதிகம்' என்றவர்கள் 2022 மார்ச்சில் 7 சதவீதம், 2023 டிசம்பரில் 31 சதவீதம். குடியரசுக் கட்சிப் பக்கம் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் 9இலிருந்து 48. ஒரு கட்சிக்காரர்களிடம் மட்டும் இப்படித் தாவும் எண்ணைக் 'களைப்பு' என்று சொல்ல முடியுமா? களைப்பு கட்சி பார்த்து வருவதில்லை. அவர்கள் தலைவர்கள் ஒரு நிலைப்பாடு எடுத்தார்கள், தொண்டர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் எதிர்ப்பு. எதிர்ப்பைக் களைப்பு என்று எழுதினால் அவர்கள் வாதத்தையும் கேட்காமல் விடுகிறோம், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் கைகழுவுகிறோம்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. 2024 தொடக்கத்தில் வெளியுறவுகளுக்கான ஐரோப்பிய மன்றம் என்ற ஆய்வு அமைப்பு 12 நாடுகளில் கேட்டபோது, உக்ரைன் களத்தில் வெல்லும் என்றவர்கள் 10 சதவீதம்தான். சமரசத்தில் முடியும் என்றவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம், 37 சதவீதம். இதை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். சலிப்பு என்று அடித்துச் சொல்ல எந்த ஆதாரமும் அந்த எண்ணில் இல்லை.

உக்ரைனுக்குள் வந்தால்தான் சொல்லின் அசல் பொருள் கண்ணில் படுகிறது. அங்கே 'இரண்டு சுவர் விதி' என்று ஒன்று எல்லோருக்கும் தெரியும். வெடிப்பு வெளிச்சுவரைத் துளைத்தாலும் இரண்டாவது சுவர் சில்லுகளைத் தடுக்கும் என்பதால், அபாயச் சங்கு ஊதியதும் சன்னலுள்ள அறையை விட்டு, இரண்டு சுவருக்கு உள்ளே போய்விட வேண்டும். பல அடுக்குமாடி வீடுகளில் அப்படிப்பட்ட இடம் நடைவழி ஒன்றுதான். செருப்பு அடுக்கும் தட்டுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே பாய் விரித்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொலைபேசியில் 'அபாயம் நீங்கியது' என்ற அறிவிப்புக்காகக் கண்விழித்துக் கிடப்பது. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். மறுநாள் இரவும் அதே நடைவழி. மெதுவாக முறியும் ரயில் அச்சு இதுதான்.

உக்ரேனிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் முக்கியமானவை. 'வ்தோமா' என்பது களைப்பு. 'விஸ்னாஜென்னியா' அதைவிட ஆழமானது. அதற்குள் 'ஸ்னஹா' என்ற பழைய சொல் இருக்கிறது, வலு என்று பொருள். வலு முழுதும் வெளியே வடிந்துபோன நிலைதான் 'விஸ்னாஜென்னியா'. தமிழில் 'நலிவு' இதற்கு மிக அருகில் நிற்கிறது.

கீவ் பன்னாட்டுச் சமூகவியல் நிறுவனம் கேட்கும் கேள்வி ஒன்றில் இன்னொரு வினைச்சொல்லும் வருகிறது: 'தெர்பீத்தி', பொறுத்தல். எத்தனை காலம் போரைப் பொறுத்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். 'எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலம்' என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு கேள்வியில், எந்த நிலையிலும் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றவர்கள் 2022 மே மாதம் 82 சதவீதம், 2024 டிசம்பரில் 51 சதவீதம். காலப் என்ற கருத்துக்கணிப்பு அமைப்பின் கணக்கில், வெற்றி வரை போரிட வேண்டும் என்றவர்கள் 2022இல் 73 சதவீதம். 2025 கோடையில் அது 24 ஆக இறங்கியது. கூடிய விரைவில் பேசி முடிக்க வேண்டும் என்றவர்கள் 69 சதவீதம். இவை எல்லாமே உண்மை, ஒன்றையொன்று அடிக்கவும் இல்லை. பேச்சு வேண்டும் என்று 2024இல் சொன்னவர்களிலேயே ஏறத்தாழ பாதிப்பேர்தான் நிலத்தை விட்டுக்கொடுக்க இசைந்தார்கள். களைத்திருக்கிறார்கள்; ஆனால் கைவிடவில்லை.

இந்த நுணுக்கத்தைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? நிறையவே இருக்கிறது. நாம்தான் நான்கைந்தை ஒரே பையில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை எழுதுகிறோம்.

நான் போட்ட 'சோர்வை' முதலில் எடுக்கிறேன். சோர்தல் என்றால் நழுவுதல், வழிதல். கண்ணீர் சோர்கிறது, கூந்தல் சோர்கிறது. 'இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு' என்ற குறளில் (531) அது உடற்களைப்பே அல்ல. மகிழ்ச்சியில் மூழ்கிக் கடமையை நழுவவிடும் மறதி. அந்தப் பழைய பொருளை மனத்தில் வைத்துப் பார்த்தால், பதுங்குகுழியில் நிற்பவனுக்குப் 'போர்ச்சோர்வு' என்று எழுதுவது அவனுக்குச் செய்யும் அநீதி.

'களைப்பு' உழைத்த உடம்பின் சொல். வேலை செய்யாதவருக்குக் களைப்பு வராது. அதன் மருந்தும் சொல்லோடு ஒட்டியே இருக்கிறது: களைப்பாறுதல். கீவில் மனைவியர் கேட்டது அதைத்தான். 2024 ஏப்ரலில் நிறைவேறிய படைத்திரட்டுச் சட்டத்தின் வரைவில், 36 மாதம் பணி செய்தவரை விடுவிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. இராணுவம் கேட்டுக்கொண்டதால் கடைசி நேரத்தில் அது நீக்கப்பட்டது. களைப்பாற நாள் குறிக்கப்படாத களைப்பு அது. 'அயர்ச்சி'யும் இங்கே பொருந்தும், ஆனால் எழுத்தில் மட்டும் வாழும் சொல். 'அயர்ந்து தூங்கினான்' என்பதைத் தாண்டி வாசகர் காதில் அது விழுவதில்லை. பழந்தமிழில் 'விழா அயர்தல்' என்று கொண்டாட்டத்துக்கும் அது வருவதால், நான் களைப்பையே தேர்ந்தெடுக்கிறேன். வல்லினம் மிகும்: போர்க்களைப்பு.

'சலிப்பு' மனத்தின் சொல். ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வருவது. தினமும் உப்புமா என்றால் சலிப்பு, அதில் உடம்பு நோக ஏதுமில்லை. களைப்புக்கு ஓய்வு மருந்து, சலிப்புக்கு மாற்றம் மருந்து. ஐயம் வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: இவருக்கு எது கிடைத்தால் தீரும்? தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறு செய்தி கிடைத்தால் தீரும். ஆகவே அவருடையது போர்ச்சலிப்பு. பேச்சில் நாம் 'போர் அடிக்கிறது' என்கிறோமே, அந்தப் 'போர்' ஆங்கிலத்திலிருந்து வந்தது, யுத்தத்தோடு உறவில்லாதது. ஆனால் இந்த இடத்தில் இரண்டு 'போரும்' ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அரசுகளின் செயலுக்கு 'தொய்வு' இருக்கிறது. கயிறு தொய்கிறது, பணி தொய்கிறது. 2023 அக்டோபரில் வெள்ளை மாளிகை கேட்ட நிதி, 2024 ஏப்ரல் 20இல்தான் பிரதிநிதிகள் அவையில் 311க்கு 112 என்ற வாக்கில் நிறைவேறியது. ஏறத்தாழ 61 பில்லியன் டாலர். இடைப்பட்ட பிப்ரவரியில் குண்டுத் தட்டுப்பாட்டுக்கு நடுவே அவ்தீவ்கா நகரம் உக்ரைனின் கைவிட்டுப் போயிருந்தது. அந்த ஆறு மாதத்தை 'ஆதரவில் தொய்வு' என்றால் யார் செய்தது, என்ன நடந்தது என்று இரண்டுமே தெளிவாகின்றன. களைப்பு என்றால் யாரோ பாவம் ஓய்ந்துபோனார் என்று ஆகிவிடும்.

பொறுத்துக்கொள்வோம் என்ற அந்தப் பாதிப் பேருக்கு? 'அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்' என்று தொடங்கும் குறளின் (611) சொல்லை எடுக்கலாம். அசாவுதல் என்றால் முடியாதென்று மனம் தளர்தல். களைத்த உடம்போடு அசாவாத மனம் இருக்க முடியும். செய்தித்தாளில் 'அசாவாமை' எடுபடாது என்பது எனக்குத் தெரியும், அங்கே 'மனம் தளராமை' போதும்.

அந்த நவம்பர் இரவின் செய்திகள் இன்று என் மேசைக்கு வந்தால் வாஷிங்டன் செய்திக்கு 'உக்ரைன் நிதியில் தொய்வு. குடியரசுக் கட்சியினரிடம் எதிர்ப்பு கூடுகிறது' என்று எழுதுவேன். கீவ் செய்திக்கு 'களைத்த வீரர்களுக்கு மாற்று கேட்டு மனைவியர் போராட்டம்'. 'போர்ச்சோர்வு' என்ற சொல் இரண்டிலும் இருக்காது.