தாத்தா துப்பாக்கிக்கு ரேட் கேக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

போன வாரமும் நம்ம துப்பாக்கிக் கடைக்கு ஒருத்தர் வந்துட்டாரு. முத்தியால்பேட்டையில இருந்து கடலூர் வரைக்கும் பைக்ல, பின்னாடி மச்சான், மச்சான் கையில பழைய லுங்கியில சுத்துன ரைஃபிள். வழியில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல குவார்ட்டர் பாட்டில் இருக்கானு பைய தடவிப் பாத்துட்டு விட்டுட்டாங்களாம், சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. கவுண்டர் மேல வச்சுட்டு மொத கேள்வியே "இது என்ன ரேட் போவும் சார்? அமெரிக்காவுல ஆயிரத்தி ஐநூறு டாலர் போவுதாம், நீங்க அதுல பாதி குடுத்தா போதும்."

தாத்தா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. ரைஃபிள் எப்படி வீட்டுக்கு வந்துச்சுனு யாருக்கும் தெரியல, பரண்ல கெடந்துச்சாம். பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு, லெபெல், 1886 மாடல். புகையில்லா வெடிமருந்துக்குனே செஞ்சு பட்டாளத்துக்குக் குடுத்த மொத ரைஃபிள் அதுதான். "குண்டு இருக்கா?"னு கேட்டேன், "இல்ல சார், நானே தொறந்து பாத்துட்டேன்"னாரு. போல்ட்டை, அதாவது தோட்டாவ உள்ள தள்ளற பின்பக்க கைப்பிடிய, இழுத்தா சேம்பர், தோட்டா உக்கார்ற எடம், காலிதான். ஆனா லெபெல்ல மேகசின் தனியா கீழ தொங்காது, குழலுக்கு அடியில கட்டைக்குள்ளயே நீட்டமா ஒரு ட்யூப், எட்டு தோட்டா புடிக்கும், பக்கவாட்டுல ஒரு சின்ன கட்-ஆஃப் லீவர், அது அடைச்சிருந்தா நீங்க எத்தன வாட்டி போல்ட்டை இழுத்தாலும் ட்யூப்ல இருக்கறது மேல வராது. நான் லீவர தள்ளிட்டு, குழல மண்ணு மூட்டை பக்கம் திருப்பி வச்சு போல்ட்டை இழுத்தேன், பச்ச பூத்த பித்தளை தோட்டா ஒண்ணு எந்திரிச்சு வந்துச்சு. மச்சான் மூஞ்சி வெளுத்துடுச்சு. கடலூர் வரைக்கும் அத முட்டிக்கு நடுவுல வச்சுக்கிட்டு வந்தவரு அவருதான்.

சரி, அது கூட பரவால்ல. எனக்கு கடுப்பாகறது அடுத்த டயலாக். "நூறு வருஷம் பழசு சார், ஆண்டிக், லைசன்ஸ் வேணாம்ல?" இந்த ஒரு வரிய யாரு கெளப்பி விட்டாங்கனு தெரியல, படிச்சவங்க, ரிட்டயர்டு ஆபீசருங்க எல்லாரும் சொல்றாங்க. வேணும்ங்க! 1959 ஆயுதச் சட்டம் 45வது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, ஆனா அது வயச வச்சு இல்ல. பழைய மாடலா இருக்கணும், இல்ல ஆண்டிக் மதிப்பு இருக்கணும், இல்ல பழுதா இருக்கணும், அதோட சேத்து ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் துப்பாக்கியா சுட முடியாத நெலமையில இருக்கணும். ரிப்பேர் பண்ணாலும்ங்கற வார்த்தைய ரெண்டு வாட்டி படிங்க. தோட்டாவ தட்டற ஃபயரிங் பின் ஒடஞ்சிருக்கு, போல்ட் காணோம், துரு புடிச்சிருக்கு, இதெல்லாம் கணக்குல வராது, ஒரு லேத் பட்டறையில சரி பண்ண முடியும்னா அது துப்பாக்கிதான். முடியுமா முடியாதாங்கறத நீங்களும் சொல்ல முடியாது, கடைக்காரன் நானும் சொல்ல முடியாது, கேஸ்னு வந்தா தடயவியல் ஆளு சொல்லுவாரு, அதுவும் நீங்க உள்ள போனதுக்கு அப்புறம். லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம், தடை பண்ண ரகமா இருந்தா ஏழுல இருந்து பதினாலு. பழைய பிரிட்டிஷ் பட்டாளத்து .303 ரைஃபிள் தடை பண்ண ரகம்தான், சந்தேகமே வேணாம். நம்ம ஊர்ல லைசன்ஸ்ல வாங்கற .315 வேற, பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ரெண்டுமே மேற்கு வங்காளத்து இச்சாப்பூர் துப்பாக்கி ஃபேக்டரி சரக்குதான், கொழப்பிக்காதீங்க.

இப்ப ரேட்டுக்கு வர்றேன், கேட்டுட்டீங்க இல்ல. பழைய துப்பாக்கி சேகரிக்கற வெளிநாட்டுக்காரன் பணம் குடுக்கறது பழசுக்கு இல்ல, மாறாம இருக்கறதுக்கு. போல்ட்ல இருக்கற நம்பரும் போல்ட் ஓடற ரிசீவர்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும், கட்டையில ஃபேக்டரி முத்திரை அழியாம இருக்கணும். இச்சாப்பூர் .303 சாதா ரகம் அங்கயே சில நூறு டாலர்தான், ஏன்னா அவ்ளோ எறங்கியிருக்கு. அதுலயே பாக்க .303 மாதிரி இருக்கும், ஆனா ஜெயில் காவலுக்கும் போலீஸுக்கும் .410 மஸ்கட்டா மாத்துனது இருக்கும், ரைஃபிளுக்கு குழலுக்குள்ள இருக்கற சுழல் வரியே இருக்காது, அது தனி ரேட்டு. அப்புறம் கைபர் கணவாய் பக்கம் பட்டறையில அடிச்ச டூப்ளிகேட், அதுல விக்டோரியா ராணி முத்திரையும் 1907ம் சேந்தே இருக்கும், ராணி 1901லயே செத்துப் போச்சு. நம்மாளுங்க என்ன பண்றாங்க, கொண்டு வர்றதுக்கு முந்துன நாள் எமரி பேப்பர் போட்டு தேச்சு, டச்வுட் வார்னிஷ் அடிச்சு பளபளனு ஆக்கிடறாங்க. முத்திரை போச்சு, மதிப்பும் போச்சு. அந்த தேய்ப்புல சீரியல் நம்பர் அழிஞ்சா அதுக்குனு 8வது பிரிவு இருக்கு, நம்பர் இல்லாத துப்பாக்கி கையில இருந்தா நீங்கதான் அழிச்சீங்கனு தான் மொதல்ல எடுத்துப்பாங்க.

இவ்ளோ இருந்தும் அந்த டாலர் ரேட்டு உங்களுக்கு இல்ல. நூறு வருஷம் தாண்டுன பழம்பொருள தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது, தாண்டலனா ஆயுத ஏற்றுமதி லைசன்ஸ் வேணும். உள்ளூர்ல லைசன்ஸ் இருக்கறவர்தான் வாங்க முடியும், அவருக்கும் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், பரம்பரையா வந்ததையும் சேத்து. அப்ப இங்க ரேட்டுனு என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்க. வாட்ஸப்ல "ஆர்மி சர்ப்ளஸ் ரைஃபிள், அட்வான்ஸ் பத்தாயிரம்"னு போட்டோவோட வருது பாருங்க, அது முழு ஃப்ராடு. பட்டாளம் ரைஃபிள பொதுமக்களுக்கு விக்காது.

பரண்ல ஒண்ணு கெடைச்சா தயவு செஞ்சு தொடாதீங்க, போல்ட்டை இழுத்துப் பாக்காதீங்க, பசங்கள கிட்ட விடாதீங்க, போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க. என் கடைக்கு தூக்கிட்டு வராதீங்க, கணக்குல இல்லாத துப்பாக்கி என் கவுண்டர்ல இருந்தா என் லைசன்ஸும் சேந்து போவும். ஒரு வக்கீல வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுங்க, அவங்க வந்து எடுத்துக்கட்டும், நம்பர், ரகம், தோட்டா எத்தனைனு எழுதுன ரசீது கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க. லைசன்ஸ் இருந்த அப்பா காலமாயிட்டாருனா அது வேற வழி, 21வது பிரிவுல வாரிசு ஸ்டேஷன்லயோ என்ன மாதிரி லைசன்ஸ் டீலர் கிட்டயோ தாமதிக்காம டெபாசிட் பண்ணிட்டு, கலெக்டர் ஆபீஸ்ல தன் பேருக்கு கேக்கலாம். கருமாதி முடிஞ்சு வருஷக்கணக்கா பீரோவுலயே வச்சுட்டு அப்புறம் வர்றாங்க, அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது.

முத்தியால்பேட்டைக்காரர அன்னிக்கு கடையிலயே உக்கார வச்சு, வக்கீலுக்கும் ஸ்டேஷனுக்கும் நானே போன் போட்டேன், சாயங்காலம் வரைக்கும் யாவாரம் கெட்டுச்சு. தாத்தாவோட மெடல், பட்டாளத்து சம்பளப் புத்தகம், தோல் பெல்ட்டு எல்லாம் வீட்ல இருக்காம், எலி கடிக்குதுனு தூக்கிப் போடலாம்னு இருந்தாராம். அதத்தான்யா மொதல்ல காட்டியிருக்கணும், அதுக்கு லைசன்ஸே வேணாம், ஒழுங்கா கேட்டு வாங்க ஆளும் இருக்காங்க.