ட்ரப்பீஸ் கிளாஸ் புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிப் பாருங்க

நியூயார்க்ல சம்மர் வந்துட்டா தோள் வலின்னு என்கிட்ட வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் "ட்ரப்பீஸ் போனேன்"னு கொஞ்சம் வெக்கத்தோட சொல்லுவாங்க. சர்க்கஸ்ல உயரத்துல ஊஞ்சல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கி ஆடுவாங்களே, அதுதான். போறது சர்க்கஸ்காரங்க இல்ல, ஐடில வேலை பாக்குறவங்க, பர்த்டே கிஃப்ட்டா ஒரு கிளாஸ் கிடைச்சுப் போனவங்க. ஹட்சன் ஆத்தோரம் பியர் 40ங்கிற படகுத்துறைக் கட்டடத்தோட மொட்டை மாடில வலை கட்டி சொல்லிக் குடுத்தாங்களே, அந்த மாதிரி இடங்கள். நான் பிசியோதெரபிஸ்ட், இதுக்கு எதிரி கிடையாது, தாராளமா போங்க. ஆனா நீங்க பயப்படுறது ஒண்ணு, வலிச்சு எங்ககிட்ட வர்றது வேற ஒண்ணு.

எல்லாரும் உயரத்துக்குத்தான் பயப்படுறாங்க. மேடை 20 அடிக்கு மேல, ஏணில ஏறும்போதே கால் நடுங்கும். ஆனா இடுப்புல பெல்ட், அதுல ரெண்டு பக்கமும் கயிறு, கயிறைக் கீழ ஒரு கோச் பிடிச்சிருப்பார், போதாததுக்கு வலை வேற. (1859ல பாரிஸ்ல ஜூல் லியோட்டார் இதை முதல்ல மேடையேத்தினப்போ வலையே கிடையாது. பழகினது மட்டும் நீச்சல் குளத்துக்கு மேல, விவரமான ஆளு.)

தோளுக்கு வருவோம். ஊஞ்சல் கீழ இறங்கி வர்ற இடத்துல கை தாங்குறது உங்க எடையை மட்டும் இல்ல, வேகமும் சேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம், அதாவது 70 கிலோ ஆளுக்கு 140 கிலோ பக்கம், அதுவும் நாள் பூரா லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உக்காந்திருந்த தோளுக்கு.

முதல் நாள் சொல்லிக் குடுக்குறது பார்ல, அதாவது அந்த ஊஞ்சல் கம்பில, முட்டியை மாட்டித் தலைகீழா தொங்குறது. ஊஞ்சல் முன்னாடி உச்சிக்குப் போய்த் திரும்புற அந்த நொடில உடம்புல எடையே இல்லாத மாதிரி இருக்கும், அப்போ காலைத் தூக்கினா சும்மா வரும். கோச் கத்துறது அந்த நொடிக்காகத்தான். கொஞ்சம் லேட் ஆச்சுன்னா பாரம் ஏறிடும், அதுக்கப்புறம் கையும் வயிறும் மல்லுக்கட்டணும். நான் பாத்த வரைக்கும் இதுல அடிபடுறது ஒல்லியான ஆளுங்க இல்ல, ஜிம் போற தம்பிங்கதான், சொல்றதைக் கேக்காம புல்லப் எடுக்குற நினைப்புல இழுத்துடுவாங்க.

அதனால வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. சுவத்துல முதுகும் பின்னந்தலையும் ஒட்டி நின்னு ரெண்டு கையையும் மடக்காம மேல தூக்குங்க. இடுப்பு வளையாம கை காதை ஒட்டி வரலைன்னா கொஞ்ச வாரம் தோளைப் பழக்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க. பார்ல தொங்கிப் பழகுறப்போ தோள் காதுக்கு ஏறிடாம லேசா கீழ இழுத்து வைக்கணும். சுகர் இருக்கவங்களுக்கு தோள் இறுகிப் போறது சகஜம், நம்மாளுங்க இதை வயசுன்னு விட்டுடுவாங்க. ஒரு தடவை தோள் கழண்டிருக்கு, பிரஷர் கட்டுப்பாட்டுல இல்ல, கண்ல க்ளாக்கோமாங்கிற அழுத்த நோய், கர்ப்பம், இதுல எது இருந்தாலும் டாக்டரைக் கேக்காம போகாதீங்க, கிளாஸ்ல குடுக்குற ஃபார்ம்ல மறைக்கவும் கூடாது.

நகை விஷயம் சொன்னா கோவிச்சுக்குறாங்க, இருந்தாலும் சொல்றேன். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாத்தையும் கழட்டணும், முக்கியமா மெட்டி, அது வலைல மாட்டினா விரலோட போச்சு. தாலியைக் கழட்ட மனசு வரலைன்னா கீழ உக்காந்து வேடிக்கை பாருங்க, தப்பில்ல. வலைல இறங்குறப்போ முதுகு விழுற மாதிரி இறங்கணும், கால் ஊன்றி நிக்கப் பாத்தா கணுக்கால் மடங்கும். வலையைக் கையால பிடிக்கவே பிடிக்காதீங்க.

மறுநாள் அக்குள், முன்னங்கை எல்லாம் வலிக்கும், முட்டிக்குப் பின்னாடி கன்னிப்போகும், உள்ளங்கை தோல் உரியும். இது நாலஞ்சு நாள்ல சரியாகிடும். கையைத் தூக்கவே முடியலை, ராத்திரி வலில தூக்கம் போகுது, விரல் மரத்துப் போகுதுன்னா காத்திருக்காம காட்டுங்க. ரொம்ப நாளா உடம்பை அசைக்காம இருந்துட்டுத் திடீர்னு போனவங்களுக்கு அபூர்வமா தசை சிதைஞ்சு கிட்னியைப் பாதிக்கும். மூத்திரம் கட்டன் டீ கலர்ல போனா அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க, போனதும் மொதல்ல ட்ரப்பீஸ் கிளாஸ் போனதைச் சொல்லுங்க.