ஒராங் அஸ்லி: சொல்லும் பொருளும்

ஒராங் அஸ்லி (மலாய்): தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடி மக்கள்.

மலாயில் 'ஒராங்' என்றால் ஆள், மனிதர். 'அஸ்லி' அரபியிலிருந்து வந்தது. வேர், மூலம் என்று பொருள்படும் 'அஸ்ல்' அதன் அடிச்சொல். நமக்கும் இது பழகிய சொல்தான். 'அசலும் வட்டியும்' என்கிறோமே, அந்த அசலும் இதே வேரில் வந்ததுதான். ஆக, அந்த மண்ணின் மூல மக்கள் என்று பொருள்.

இது அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. செமாய், தெமியார், தெமுவான், ஜாக்குன், மா மெரி என்று 18 இனக்குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அரசு இவர்களை மூன்று பெரும்பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அதில் ஒன்றான 'செனோய்' அவர்கள் மொழியில் மனிதர் என்றே பொருள்படும். வெளியார் முன்பு 'சாக்காய்' என்று அழைத்தார்கள். அடிமை என்ற வாடை வீசும் வசைச்சொல் அது. 1960களில்தான் 'ஒராங் அஸ்லி' அரசின் சொல்லாக நிலைபெற்றது. பழைய நூல்களில் 'சாக்காய்' என்று பார்த்தால் தயவுசெய்து அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களின் ஈபான், பிடாயு, கடசான்-டூசுன் மக்கள் ஒராங் அஸ்லி ஆகமாட்டார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்ல 'ஒராங் அசல்' என்று வேறொரு பெயர் இருக்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் இவை இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

அப்புறம் 'பூமிபுத்ரா', அதாவது மண்ணின் மைந்தர்: மலாய்க்காரர்களையும் மற்ற சுதேசிகளையும் சேர்த்து மலேசியாவில் சொல்லும் பெயர். 2020 கணக்கெடுப்பில் மலேசிய மக்கள்தொகை 3.24 கோடி. குடிமக்களில் பூமிபுத்ராக்கள் 69.4 சதவீதம். ஒராங் அஸ்லியும் பூமிபுத்ரா கணக்கில்தான் வருகிறார்கள். இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் சிறப்பு நிலையைப் பேசும் அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களையும் சபா, சரவாக் சுதேசிகளையும் மட்டுமே பெயர் சொல்கிறது. தீபகற்பத்தில் எல்லோருக்கும் மூத்தவர்களின் பெயர் அதில் இல்லை! அவர்களுக்கான பாதுகாப்பு வேறொரு பிரிவில், செய்யலாம் என்ற அனுமதியாகத்தான் இருக்கிறது.

பெயரில் இருக்கும் மூத்த உரிமை மண்ணில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பதற்கு சகோங் தாசி என்ற தெமுவான் மனிதரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கைச் சொல்லலாம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போட, சிலாங்கூரின் டெங்கிலில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் பழமரங்களுக்கும் பயிருக்கும் பணம் கொடுத்தார்கள். மண்ணுக்குக் கொடுக்கவில்லை, அது அரசாங்கத்தின் நிலமாம். 2002-இல் உயர் நீதிமன்றம் வழிவழியாக அவர்கள் வாழ்ந்துவந்த நிலம் அவர்களுக்கே உரியது என்றது; 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் என்பதுதான் வழக்கின் அடித்தளம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'ஆதிவாசி' வேண்டவே வேண்டாம். நாகரிகம் தெரியாதவர் என்று கேலிசெய்ய அதை நாம் பயன்படுத்திப் பழகிவிட்டோம். 'மலைவாசி' பொருளிலேயே தவறு: மா மெரி மக்கள் சிலாங்கூரின் கேரித் தீவில், கடலை ஒட்டி வாழ்கிறவர்கள். 'பழங்குடி' நல்ல தமிழ்தான். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு உடனே இடஒதுக்கீட்டுப் பட்டியல் நினைவுக்கு வரும், அந்தச் சட்டப்பொருள் மலேசியாவுக்குப் பொருந்தாது. மலேசியத் தமிழ் ஏடுகளில் புழங்கும் 'பூர்வக்குடி' சரியான சொல். 'பூர்வ' வடமொழி என்று தயங்குபவர்கள் 'தொல்குடி' என்று எழுதலாம். எனக்குப் பிடித்தது தொல்குடிதான். சுருக்கமாக இருக்கிறது, முந்தி வந்தவர்கள் என்ற பொருளும் கெடவில்லை.

இனக்குழுவின் பெயர் தெரிந்தால் அதையே முதலில் எழுதுங்கள். 2019 கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமது நோரை மலேசிய நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி என்று சொல்வது சரி, ஏனென்றால் 18 குழுக்களிலும் அவர்தான் முதலாமவர். டெங்கில் வழக்கைப் பற்றி எழுதும்போது 'தெமுவான் மக்கள்' என்று சொன்னால் போதும்.