கரும்பு விஞ்ஞானிக்கு எத்தனை மதிப்பெண்?

ஆனைகட்டியைத் தாண்டி, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் கொஞ்ச தூரம் போனால் அகளி. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று அங்கே இருக்கிறது. எல்லை தாண்டிப் போனதற்குக் காரணம் பூ. அகளியில் கரும்பு நன்றாகப் பூத்து, விதையும் பிடிக்கும். விவசாயிக்குப் பூ தேவையில்லை. கரணையை, அதாவது கரும்புத் தண்டின் துண்டை நட்டால் போதும். ஆனால் கரணையில் முளைப்பது தாய்க்கரும்பின் அச்சு அசல். புது ரகம் வேண்டுமென்றால் இரண்டு கரும்புகளைப் பூவில் கலந்து விதை எடுத்தாக வேண்டும்.

விதையை முளைக்கவைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கழித்து, மிஞ்சியதைப் பல ஊர்களில் நட்டுப் பார்த்து ஒரு ரகம் வெளிவரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிடும். தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் கோ 86032 வந்தது 2000-ல். சரி, இப்படி உழைத்தவரின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தட்டினால் என்ன தெரியும்? எச்-இண்டெக்ஸ் என்று ஓர் எண்.

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளை, பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். 40, 18, 9, 6, 5, 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 40 நாளைக்கு 4000 ஆனாலும் இவர் 5-லேயேதான் நிற்பார். ஒரே ஒரு கட்டுரையால் பெயர் வாங்கியவரை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய காரியம் செய்தவரும் அதில் அடிபட்டுப் போகிறார்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று இன்னோர் எண்ணும் உண்டு. அது ஆளுக்கான மதிப்பெண் அல்ல, இதழுக்கானது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதுதான் அது. இரண்டே ஆண்டு! அதற்குள் கரும்பு நாற்று முதல் தேர்வைத் தாண்டியிருந்தாலே பெரிய விஷயம். வேகமாக நகரும் மூலக்கூறு உயிரியலுக்குத் தைத்த சட்டையைக் கரும்புக்கு மாட்டினால் எப்படிப் பொருந்தும்?

புத்தகங்களின் நிலையும் சுமார்தான். தலச்சேரியில் பிறந்து, 1930-களில் கோயமுத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், 1945-ல் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். இதழ்களை மையமாக வைத்துக் கட்டிய மேற்கோள் தரவுத்தளங்களில் இப்படிப்பட்ட நூல்களுக்கு வெகுகாலம் சரியான இடம் இருந்ததில்லை.

ரகம் உருவாக்குபவர்களிடம் இன்னொரு மேற்கோள் முறை உண்டு: வம்சாவளி. ஒரு ரகத்தை அடுத்தவர் பெற்றோராக எடுத்துக்கொண்டால், அவர் உங்கள் வேலையின் மேல் தன் வேலையைக் கட்டுகிறார் என்றுதானே பொருள்? கோவை நிறுவனத்தின் முன்னோடிகளான பார்பரும் வெங்கட்ராமனும் பயிர்க் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-ல் வெளிவந்தது. அப்புறம் கோ 421-ஐயும் கோ 312-ஐயும் கலந்த விதை கோயமுத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அங்கே பொறுக்கியெடுத்த ரகம்தான் என்கோ 310. ‘என்’ நேட்டால், ‘கோ’ கோயமுத்தூர். பல நாடுகளில் பயிரான இந்தக் கரும்பை எச்-இண்டெக்ஸ் எண்ணுவதில்லை.

வம்சாவளியையும் ஏன் எண்ணக் கூடாது? பெற்றோர் பதிவேடுதான் இருக்கிறதே. எண்ணலாம், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நன்றாக வந்த கரும்பையே திரும்பத் திரும்பப் பெற்றோராக்குவது இந்தத் துறையின் பழக்கம். அதனால் இன்றைய ரகங்கள் பெரும்பாலும் ஆரம்பகாலக் கரும்புகள் சிலவற்றுக்கே போய்ச் சேரும். ஏற்கெனவே பிரபலமான கட்டுரைக்கே மேலும் மேற்கோள் குவிவதைப் போல, இங்கேயும் பழைய பெயர்களுக்கே எண் ஏறிக்கொண்டிருக்கும்.