பிரா என்றால் கை

‘பிரா என்பது எதன் சுருக்கம்?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ‘பிராஸியர்’ என்பதன் சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மார்பு இல்லை, கை இருக்கிறது.

பிரெஞ்சில் ‘பிரா’ என்றால் கை. எழுதும்போது கடைசியில் ‘எஸ்’ உண்டு, வாயில் வராது. அதிலிருந்து பிறந்த ‘பிராஸியேர்’ முதலில் கைக்காப்பு. பிறகு மார்புக்கவசம், பெண்களின் மேலுடுப்பு என்று நகர்ந்தது. இன்றைய பிரெஞ்சில் கைக்குழந்தையின் குட்டிச் சட்டைக்கும் அதே பெயர். ஆங்கிலம் இதை உள்ளாடைக்கு எடுத்துக்கொண்டது. 1914இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையும் ‘முதுகில்லா பிராஸியர்’ என்றே அறியப்படுகிறது. 1930களில் வால் அறுந்து ‘பிரா’ மட்டும் நின்றது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: யாரும் திட்டமிடாமல், ஆங்கிலச் சோம்பல் நாக்கு சொல்லை அதன் வேருக்கே, அதே ஒலியோடு, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நம் வீடுகளில் புழங்கும் ‘பாடி’க்கும் இதே விதி. உடலின் பெயரால் அமைந்த மேலுடுப்பை ஆங்கிலேயர் ‘பாடீஸ்’ என்று பன்மையில் சொன்னார்கள். இரண்டு பாதிகளை நாடாவால் கோத்து அணிந்த காலம் அது. பன்மை என்பதே மறந்துபோய் எழுத்து மாறி ‘பாடிஸ்’ ஆனது. தமிழில் அந்த ‘ஸ்’ இல்லை. மறுபடி வெறும் உடல்!

பிரெஞ்சுக்காரர்களே பிராவை ‘தொண்டைத் தாங்கி’ என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். கை, உடல், தொண்டை என்று பக்கத்து வீட்டின் பெயரையெல்லாம் இரவல் வாங்குவது இடக்கரடக்கலும் ஆகுபெயரும் கைகோத்துச் செய்யும் வேலை. ஜெர்மன்காரர்கள்தான் கூச்சமில்லாமல் ‘மார்புதாங்கி’ என்கிறார்கள்.

நம் ‘கச்சு’ இன்னும் கெட்டிக்காரச் சொல். அது சுற்றிக் கட்டும் பட்டையைச் சொல்கிறது. பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவதும், தோள்வார் அல்ல, மார்புக்குக் கீழே ஓடும் பட்டைதான். பட்டை தளர்ந்தால் பாரம் தோளுக்கு ஏறும், வார் பதியும். வாரை இழுத்து இறுக்கினால் பின்பட்டை முதுகில் மேலேறி நிலைமை இன்னும் மோசமாகும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், பட்டை கிடைமட்டமாக நின்று இரண்டு விரல் நுழைய வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்கு மாறலாம்.

34பி என்ற அளவில் 34 என்பது பட்டை, ‘பி’ என்பது கிண்ணம் (கப்). ஆனால் ‘பி’ தனி அளவு அல்ல. பட்டைக்கும் மார்புச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம்: ஓர் அங்குலம் ‘ஏ’, இரண்டு ‘பி’, மூன்று ‘சி’. அதனால் 34பியின் கிண்ணமும் 32சியின் கிண்ணமும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு. 34பியில் கிண்ணம் சரியாக இருந்து பட்டை மட்டும் தொளதொளத்தால் 32பி கேட்காதீர்கள், கிண்ணமும் சிறுத்துவிடும். 32சி கேளுங்கள்.