மருதையாற்றுப் பாலமும் அடிமண் அரிப்பும்

1956 நவம்பர் 23 விடியற்காலையில் சென்னை–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனைக் குறிவைத்துத் தி.மு.க. எழுப்பிய 'ஆண்டது போதாதா, மாண்டது போதாதா' முழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தொடர்மழையில் பெருகிய ஆறு, பாலத்தையொட்டிய மண்கரையை அரித்த கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

பழைய பாலம் என்றால் துருவையும் விரிசலையும்தான் பார்க்கிறோம். ஆற்றுப்பாலத்துக்கு எமன் பெரும்பாலும் அடியில் இருக்கிறான். தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணின் முன்பக்க மணலைத் தோண்டுகிறது. எவ்வளவு ஆழம்? விநாடிக்கு 1,000 கன மீட்டர் வெள்ளம், மணல் காரணி (படுகை மணலின் பருமனைக் காட்டும் எண்) 1 என்றால், அரிப்பின் ஆழத்தைக் கணிக்கும் லேசி சூத்திரப்படி வெள்ளமட்டத்திலிருந்து 4.73 மீட்டர். தூணடியில் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 9.5 மீட்டர். அஸ்திவாரம் அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும், ஆக 12.6 மீட்டர். அரிப்பு போக மிஞ்சும் பிடிப்பு வெறும் மூன்று மீட்டர்தான். மணல் அள்ளிப் படுகை இரண்டு மீட்டர் தாழ்ந்தால், வெள்ளமட்டமும் அரிப்பும் கூடவே இறங்கி, அந்தப் பிடிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பாலத்தருகே லாரி நின்றால் 'நாலு லோடுதானே' என்று விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து.

இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. வெள்ளம் வடியும்போது தோண்டிய குழியிலேயே மணல் வந்து படிந்துவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் படுகை சமமாக, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே கிடப்பது இறுகாத புதுமணல். ஆழத்தை வெள்ளம் ஓடும்போதே, குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளக்க வேண்டும்.

தூண் தாங்கினாலும் கரை தாங்காது. மேலே ஓர் ஏரி உடைந்தால் சின்ன ஓடைப்பாலம்கூடப் போய்விடும். 2005 அக்டோபர் 29இல் அன்றைய ஆந்திராவின் (இன்று தெலங்கானா) வலிகொண்டா அருகே டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தது அப்படித்தான். தண்டவாளத்துக்கு மேற்புறமுள்ள ஏரிகளின் பட்டியலை ரயில்வே வைத்திருக்கிறது. ஆனால் கரை கசிவது முதலில் தெரிவது ஊர்க்காரர்களுக்குத்தான்.

ஊரில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை: நீர் தூணிலுள்ள சிவப்புப் பட்டையை, அதாவது அபாய அளவுக் குறியைத் தொடுவது, பாலத்துக்கு நீர் வரும் பக்கம் மட்டம் ஏறி நிற்க, போகும் பக்கம் தாழ்ந்து ஓடுவது, கரைச்சரிவில் பாவிய கருங்கல் சரிவது, ஜல்லி உள்வாங்கித் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவது. கடைசி அறிகுறி தெரிந்தால் நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரயில்வே உதவி எண் 139க்கோ, பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்கோ, கேட்கீப்பருக்கோ சொல்லுங்கள். 'ஆற்றுப்பாலம்' என்றால் அவர்களுக்குப் புரியாது. பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணையோ, அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையின் எண்ணையோ படித்துச் சொல்லுங்கள். படம் எடுக்கப் பாலத்தின்மேல் ஏறாதீர்கள். ஊழியர்களானால், அகலப்பாதையில் ஆபத்தான இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு எச்சரிக்கை வெடியும் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை உஷார்ப்படுத்துவது), 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் வைக்க வேண்டும். இரு பக்கமும்.