சிகரெட் வரியில் ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு: பிலிப்பைன்ஸின் ‘பாவ வரி’ச் சட்டம்

2012 வரை பிலிப்பைன்ஸில் ஒரு பாக்கெட் மலிவு சிகரெட்டுக்கு அரசு வாங்கிய கலால் வரி 2.72 பெசோ. 2017இல் அது 30 பெசோ. ஐந்தே ஆண்டுகளில் பதினோரு மடங்கு. அதுவும் புகையிலை விளைகிற, புகையிலைக் கம்பெனிகளுக்கு நாடாளுமன்றம் வரை செல்வாக்கு இருக்கிற ஒரு நாட்டில். இதைச் செய்தது 2012 டிசம்பரில் அதிபர் பெனிக்னோ அக்கினோ கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் 10351. அங்கே எல்லோரும் அதைச் ‘சின் டாக்ஸ்’, அதாவது பாவ வரி என்றுதான் சொல்கிறார்கள். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் சேர்த்துப் போட்ட சட்டம் இது. சண்டை பெரிதாக நடந்தது சிகரெட்டில் என்பதால் அதையே பார்ப்போம்.

முதலில் பழைய முறை என்ன என்று தெரிய வேண்டும். 1996 சட்டம் சிகரெட்டுகளை விலையை வைத்து நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. மலிவு சிகரெட்டுக்குக் குறைந்த வரி, விலை கூடினால் வரியும் கூடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அப்போது சந்தையில் இருந்த பிராண்டுகளின் விலை, வரிக் கணக்குக்கு மட்டும் 1996ஆம் ஆண்டு விலையிலேயே உறைந்துவிட்டது. இன்று கடையில் என்ன விலைக்கு விற்றாலும் சரி, எந்த அடுக்கு என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பழைய விலைதான். புதிதாக வரும் பிராண்டுக்கு மட்டும் இன்றைய விலை. ஆக, பழைய கம்பெனிகளுக்கு இது ஒரு கோட்டைச் சுவர்.

இரண்டாவது ஓட்டை உடல்நலம் சம்பந்தப்பட்டது. என் பார்வையில் அதுதான் மோசமானது. அடுக்கு வரியில் விலை உயர்ந்தால் புகைப்பவர் நிறுத்துவதில்லை, கீழ் அடுக்கிலிருக்கும் மலிவு பிராண்டுக்கு இறங்கிவிடுகிறார். நுரையீரலுக்கு எந்த பிராண்ட் என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மலிவான சிகரெட் ஒன்று எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் வரை, வரியால் யாரும் புகையை விடப் போவதில்லை.

புதிய சட்டம் இந்த இரண்டையும் உடைத்தது. 2013இல் அடுக்குகள் இரண்டாகக் குறைந்தன. வரி நீங்கலாக 11.50 பெசோவும் அதற்குக் கீழும் விற்கும் பாக்கெட்டுக்கு 12 பெசோ, அதற்கு மேல் விற்பதற்கு 25 பெசோ. அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் இரண்டும் நெருங்கி வந்தன: 2014இல் 17, 27, 2015இல் 21, 28, 2016இல் 25, 29. 2017இல் எல்லா சிகரெட்டுக்கும் ஒரே வரி, 30 பெசோ. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 4 சதவீதம் தானாகவே ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வரியைக் கூட்ட நாடாளுமன்றத்துக்குப் போனால், ஒவ்வொரு முறையும் கம்பெனிகளின் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். ஒரே தடவை சண்டை போட்டுப் பல ஆண்டு உயர்வைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு சண்டையே லேசாக இல்லை. பன்னாட்டு நிறுவனமான பிலிப் மாரிஸும் உள்ளூர் ஃபார்ச்சூன் டொபாக்கோவும் 2010இல் கைகோத்த பிறகு சிகரெட் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தக் கூட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. இலோகோஸ் போன்ற வடக்குப் புகையிலை மாகாணங்களின் உறுப்பினர்கள் ‘வடக்குக் கூட்டணி’ என்ற பெயரில் ஒன்றாக நின்றார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட மசோதாக்கள் குழுவிலேயே செத்துவிடும்.

இந்த முறை மாறியது எது? நிதித் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. நிதி அமைச்சர் செசார் புரிசிமா, வரித் துறைத் தலைவர் கிம் ஹெனாரெஸ், சுகாதார அமைச்சர் என்ரிக்கே ஓனா மூவரும் ஒரே பேச்சைப் பேசினார்கள்: இது கஜானாவை நிரப்பும் வரி அல்ல, ஏழைகளுக்குக் காப்பீடு கொடுக்கும் வரி. மருத்துவர்களும் குடிமக்கள் அமைப்புகளும் கூடவே நின்றார்கள். அக்கினோவே புகைப்பவர் என்பது நாடறிந்த விஷயம். அவர்தான் இந்த மசோதாவை முன்னின்று தள்ளினார். மதுப் பக்கத்தில் வேறொரு நெருக்கடியும் இருந்தது. உள்ளூர்ச் சரக்குக்குக் குறைந்த வரி, வெளிநாட்டுச் சரக்குக்கு அதிக வரி என்ற முறை தவறு என்று 2011இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்புச் சொல்லியிருந்தது. எப்படியும் சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டிய நிலை.

2012 ஜூனில் கீழவை மசோதாவை நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் வரிக் குழுத் தலைவர் ரால்ப் ரெக்டோ அக்டோபரில் கொடுத்த அறிக்கை, அரசு கேட்டதை வெகுவாகக் குறைத்திருந்தது. கம்பெனிகளுக்குச் சாதகமான அறிக்கை என்று கடும் விமர்சனம் எழ, அவர் தலைவர் பதவியை விட்டு விலகினார். ஃபிராங்க்ளின் டிரிலோன் பொறுப்பேற்று மசோதாவை மறுபடி தூக்கி நிறுத்தினார். இரு அவைகளும் பேசி முடித்த இறுதி வடிவம் செனட்டில் 10க்கு 9 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு.

சரி, 2012 சட்டப்படி பணம் எங்கே போனது? கூடுதலாக வசூலாகும் புகையிலை வரியில் 15 சதவீதம் புகையிலை விளையும் மாகாணங்களுக்கு, விவசாயிகள் வேறு பயிருக்கும் வேறு தொழிலுக்கும் மாற உதவியாக. மீதிப் பணம் சுகாதாரத்துக்கு. அதில் 80 சதவீதம் அனைவருக்குமான மருத்துவத் திட்டத்துக்கு, முக்கியமாக ‘பில்ஹெல்த்’ என்ற தேசியக் காப்பீட்டில் ஏழைகளுக்கான சந்தா கட்ட. 20 சதவீதம் மருத்துவ உதவிக்கும் மருத்துவமனை வசதிகளுக்கும், நாடு முழுக்கத் தொகுதிவாரியாக. இந்தத் தொகுதிவாரிப் பங்கீட்டில் அரசியல் இருக்கிறது: ஆதரித்து ஓட்டுப் போடும் உறுப்பினர் தன் ஊருக்குப் போய்க் காட்ட ஒன்று கிடைக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படி ஏதாவது இல்லாமல் 10க்கு 9கூடத் தேறியிருக்காது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. அரசே சந்தா கட்டும் ஏழைக் குடும்பங்கள் 2013இல் 52 லட்சம். 2014இல் 1 கோடியே 47 லட்சம். அதே 2014இல் வந்த இன்னொரு சட்டம், 60 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் பில்ஹெல்த் காப்பீட்டை உரிமையாக்கியது. அதற்கும் பணம் இந்த வரியிலிருந்துதான். புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009இல் 29.7 சதவீதம், 2015இல் 23.8 சதவீதம்.

ஏழையின் மடியில்தானே கை வைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சாரி-சாரி என்று சொல்லும் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குபவர், பழக்கத்தை விட முடியாதவராக இருந்தால், கூடுதல் விலை கொடுத்தே தீர வேண்டும். ஆனால் புற்றுநோயோ மாரடைப்போ வந்தால் கடனில் மூழ்குவதும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டை கையில் வருகிறதா என்பதை வைத்துத்தான் இந்த வரி நியாயமா என்று சொல்ல முடியும்.

ஏய்ப்பும் நடந்தது. மைட்டி கார்ப்பரேஷன் என்ற உள்ளூர் மலிவு சிகரெட் நிறுவனத்தின் கிடங்குகளில் போலி வரி வில்லை ஒட்டிய பாக்கெட்டுகள் 2017இல் பிடிபட்டன. கடைசியில் ஏறக்குறைய 3,000 கோடி பெசோ கட்டி வழக்கை முடித்துக்கொண்டு, தொழிலை ஜப்பான் டொபாக்கோவுக்கு விற்றது அந்த நிறுவனம்.

இந்தப் பாதையிலேயே 2018இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 6 பெசோ வரி வந்தது; மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு சேர்த்தால் 12. பாலும், வீட்டுக்கு வீடு குடிக்கிற ‘த்ரீ-இன்-ஒன்’ காபிப் பொட்டலமும் விலக்குப் பெற்றன. 2019இல் சிகரெட் வரி மறுபடி கூட்டப்பட்டு, 2023இல் 60 பெசோ ஆனது. பிறகு ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு. இன்னொரு பக்கம், 2022இல் வந்த வேப் சட்டம் மின்சிகரெட் வாங்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்துவிட்டது. எனக்கு அது பெரிய பின்னடைவாகப் படுகிறது.

அதைவிட ஆழமான காயம் பணத்தில் பட்டது. 2024இல் பில்ஹெல்த்தில் ‘உபரி’யாக இருக்கிறது என்று சொல்லி 6,000 கோடி பெசோவை அரசு பொதுக் கஜானாவுக்கு மாற்றியது. அப்போதைய நிதி அமைச்சர், 2012இல் செனட் குழுத் தலைமையிலிருந்து விலகிய அதே ரெக்டோ. 2025 பட்ஜெட்டில் பில்ஹெல்த்துக்கு அரசு மானியம் பூஜ்யம். மருத்துவர்களும் முன்னாள் அதிகாரிகளும் வழக்குப் போட்டார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு பணம் மாற்றக் கூடாது என்று தடை விதித்தது. 2025 டிசம்பரில் அந்த 6,000 கோடியையும் பில்ஹெல்த்துக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது.